தென்னாப்பிரிக்கக் கொடி: ஆறு நிறங்களும் எழுதிவைக்காத பொருளும்

தென்னாப்பிரிக்காவின் தேசியக் கொடியைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு பட்டியல்தான். சிவப்பு என்றால் விடுதலைக்காகச் சிந்திய ரத்தம். பச்சை என்றால் மண்ணும் விளைச்சலும். நீலம் என்றால் நாட்டைச் சூழ்ந்த கடல். மஞ்சள் என்றால் தங்கச் சுரங்கங்கள். கறுப்பு, கறுப்பின மக்கள். வெள்ளை, வெள்ளையர் அல்லது சமாதானம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு வரிகூட அந்த நாட்டு அரசு சொன்னதில்லை. அரசின் நிலைப்பாடு ஆரம்பத்திலிருந்தே ஒன்றுதான்: எந்த நிறத்துக்கும் எல்லோருக்கும் பொதுவான பொருள் என்று எதையும் கற்பிக்க வேண்டாம். ஒரே நிறம் ஒருவருக்கு ஒன்றாகவும் இன்னொருவருக்கு வேறொன்றாகவும் தோன்றலாம், அப்படியே இருக்கட்டும்.

காவி என்றால் தியாகம், பச்சை என்றால் செழிப்பு என்று இந்தியப் பள்ளிகளில் மனப்பாடம் செய்து வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். ஒரு நாடு தன் கொடியின் நிறங்களுக்குப் பொருள் சொல்ல மறுக்குமா? தென்னாப்பிரிக்கா மறுத்தது. அதற்கு வலுவான காரணம் இருந்தது. அந்தக் கொடி 30 ஆண்டுகளைத் தாண்டி நிற்பதற்கு இந்த மௌனமே பெரிய காரணம் என்பது என் எண்ணம். அது ஏன் என்று புரிய வேண்டுமானால், அதற்கு முன்னால் அந்த நாட்டில் பறந்த கொடியிலிருந்து தொடங்க வேண்டும்.

1910 மே 31 அன்று கேப், நேட்டால், டிரான்ஸ்வால், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் ஆகிய நான்கு பகுதிகளைச் சேர்த்துத் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவாக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிட்டனும், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களின் டிரான்ஸ்வால், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் குடியரசுகளும் போரை முடித்திருந்தன. அந்தச் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒரு மே 31 அன்றுதான், 1902-இல். பிரிட்டிஷ் ராணுவம் அமைத்த முகாம்களில் போயர் பெண்களும் குழந்தைகளும் ஆயிரக்கணக்கில் நோயாலும் பட்டினியாலும் இறந்துபோயிருந்தார்கள். கறுப்பின மக்களை அடைத்த தனி முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், அவர்களைப் பற்றி வெகுகாலம் யாரும் பேசவில்லை. இந்தக் காயம் ஆறாத நிலையில், போயர்கள் அடங்கிய ஆஃப்ரிகானர்களுக்குப் பிரிட்டனின் யூனியன் ஜாக்கைத் தங்கள் கொடியாக ஏற்க மனம் வரவில்லை. ஆங்கிலேயர்களுக்கு அதைக் கீழே இறக்க மனம் வரவில்லை.

1920-களின் நடுவில் இது நேரடிச் சண்டையாகவே வெடித்தது. உள்துறை அமைச்சராக இருந்த டி. எஃப். மலான், ஒன்றியத்துக்கு என்று தனிக் கொடி வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். அதில் யூனியன் ஜாக்குக்கு இடமில்லை என்றதும் ஆங்கிலேயர் அதிகம் இருந்த நேட்டால், ஒன்றியத்தை விட்டே பிரிந்துபோவோம் என்று மிரட்டியது. மசோதா வாபஸானது, மறுபடி வந்தது, மறுபடி இழுபறி. கடைசியில் 1927-இல் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். புதிய கொடி 1928 மே 31 அன்று ஏற்றப்பட்டது. மறுபடியும் மே 31.

அந்தச் சமரசக் கொடியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். மேலே ஆரஞ்சு, நடுவே வெள்ளை, கீழே நீலம் என்று மூன்று பட்டைகள். பழைய டச்சு இளவரசர் கொடியின் நிறங்கள் இவை. 1652-இல் யான் வான் ரீபெக் கேப் முனையில் வந்து இறங்கியபோது கொண்டுவந்தது அந்தக் கொடிதான் என்று நம்பப்பட்டது. நடுவில் உள்ள வெள்ளைப் பட்டையில் மூன்று குட்டிக் கொடிகள். மையத்தில் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டின் கொடி, செங்குத்தாகத் தொங்குகிறது. வலப்பக்கம் டிரான்ஸ்வாலின் நான்கு நிறக் கொடி. இடப்பக்கம் யூனியன் ஜாக். கம்பத்தை ஒட்டிய பக்கம் கொடி மரபில் மதிப்பான இடம். அந்த இடம் யூனியன் ஜாக்குக்குக் கிடைத்தது. ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, மையக் கொடியிலிருந்து கம்பத்தை நோக்கிப் பறப்பதுபோல் வரைந்தார்கள். மூன்றும் ஒரே அளவு. யாருக்கும் மேலிடம் கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது என்பதற்காக அவ்வளவு கணக்கு. இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் கொடியின் மூலையில் ஏற்கெனவே நெதர்லாந்துக் கொடி உண்டு. ஆக, தேசியக் கொடிக்குள் ஒரு கொடி, அந்தக் கொடிக்குள் இன்னொரு கொடி.

இத்தனை கொடிகளை அடுக்கியும் நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு அதில் ஒரு நூல் அளவு இடம்கூட இல்லை. ஜூலு, கோசா, சோத்தோ, ட்ஸ்வானா என்று எந்த மக்களையும் யாரும் கேட்கவில்லை. கலப்பின மக்களைக் கேட்கவில்லை. மெட்ராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரைசேர்ந்ததிலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்த தமிழர்களையும் மற்ற இந்தியர்களையும் கேட்கவில்லை. அவர்களை அந்த மண்ணின் நிரந்தர மக்கள் என்று அரசு ஒப்புக்கொண்டதே 1961-இல்தான். இரண்டு வெள்ளை இனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம் அது, துணியில் தைக்கப்பட்டது.

கொடிக்காகப் போராடிய அதே மலான் 1948-இல் பிரதமரானார், அபார்ட்ஹெய்ட் என்ற நிறவெறிக் கொள்கை அரசின் சட்டமானது. 1957 வரை இந்தக் கொடியோடு யூனியன் ஜாக்கும் சேர்ந்தே பறந்தது, அப்புறம் அதை இறக்கினார்கள். 1961 மே 31 அன்று நாடு குடியரசானது. 1902, 1910, 1928, 1961: போரின் முடிவு, ஒன்றியம், கொடி, குடியரசு நான்கும் ஒரே தேதியில். வெள்ளை தென்னாப்பிரிக்காவின் நாட்காட்டியே அந்த ஒரு நாளைச் சுற்றித்தான் சுழன்றது. ஷார்ப்வில்லில் ஆர்ப்பாட்டக்காரர்களைக் காவல்துறை சுட்டபோதும், சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் மீது சுட்டபோதும், கறுப்பினத்தவர் கையோடு வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டான பாஸ் புத்தகம் இல்லாதவர்களைப் பிடித்து அடைத்த காவல் நிலையங்களிலும் பறந்தது ஆரஞ்சு, வெள்ளை, நீலம்தான். அந்த மூன்று நிறம் ஒன்றுசேர்ந்து கண்ணில் பட்டாலே உடம்பு இறுகும் ஒரு தலைமுறை அப்படி உருவானது.

1990 பிப்ரவரியில் மண்டேலா விடுதலையானார். பேச்சுவார்த்தை தொடங்கியது. ஆனால் பறக்கவிட நாட்டுக்குக் கொடி இல்லை என்ற நிலை வந்தது. இது மிகைப்படுத்திய பேச்சில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், 32 ஆண்டுகளுக்குப் பின் தென்னாப்பிரிக்கா மறுபடி கலந்துகொண்டபோது, வீரர்கள் தேசியக் கொடியின் கீழ் நடக்கவில்லை. நாட்டின் ஒலிம்பிக் குழு தற்காலிகமாக உருவாக்கிய ஒரு வெள்ளைக் கொடியைப் பிடித்துத்தான் நடந்தார்கள். அதே ஆகஸ்ட் மாதம் 15-ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் நியூசிலாந்துடன் ரக்பி போட்டி நடந்தது. பழைய கொடியும் பழைய நாட்டுப்பண்ணும் அரங்கில் வேண்டாம் என்ற புரிதலோடுதான் மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் (ஏ.என்.சி.) அந்தப் போட்டிக்குச் சம்மதித்திருந்தது. கூட்டம் அதை மதிக்கவில்லை. பழைய கொடிகள் அலையலையாக எழுந்தன, ஆஃப்ரிகான்ஸ் மொழி நாட்டுப்பண்ணை ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடினார்கள். நாற்பத்து சொச்சம் பேர் கொல்லப்பட்ட போய்ப்பட்டாங் படுகொலை நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். துக்கத்தில் இருந்த கறுப்பின மக்களுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே 1993-இல் கொடிக்காகப் பொதுப்போட்டி அறிவித்தார்கள். 7,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து குவிந்தன. அதிலிருந்து ஆறைத் தேர்ந்து மக்கள் முன் வைத்தார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை. தொழில்முறை வடிவமைப்பு நிறுவனங்களிடம் கேட்டுப் பார்த்தார்கள், அவர்கள் கொடுத்ததும் எடுபடவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் அடையாளத்தை வரைந்து சேர்க்கப் போனால், 1928-இல் செய்த அதே வேலைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும், இன்னும் நான்கைந்து குட்டிப் படங்களோடு. எல்லோரையும் தவிர்த்துவிட்டுப் பொதுவாக எதையாவது வரைந்தால் அது வங்கியின் முத்திரைபோல் உயிரில்லாமல் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே வழி தெரியாமல் 1993-ஆம் ஆண்டு முடிந்துபோனது. எல்லா இனத்தவரும் வாக்களிக்கும் முதல் தேர்தலின் தேதி 1994 ஏப்ரல் 27 என்று ஏற்கெனவே குறித்தாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் ஃபிரெடரிக் பிரவுனெல் வருகிறார். அரசின் மரபுச் சின்னங்கள் துறைக்குத் தலைவர். நகராட்சிகள், பள்ளிகள், படைப்பிரிவுகள் ஆகியவற்றின் இலச்சினைகளைச் சரிபார்த்துப் பதிவு செய்வது அந்தத் துறையின் வேலை. 1993-இல் சூரிச்சில் நடந்த உலகக் கொடியியல் மாநாட்டுக்குப் போயிருந்தார். ஏதோ ஒரு நீண்ட உரையின்போது, கையிலிருந்த காகிதத்தில் ஒரு வடிவத்தைக் கிறுக்கினார். இரண்டு பாதைகள் வந்து ஒன்றாகச் சேர்ந்து முன்னே போகும் வடிவம். பின்னாளில் அவரே பல முறை சொன்ன செய்தி இது.

1994 பிப்ரவரியில் கொடி விஷயத்தை முடித்துவைக்கும் பொறுப்பு இரண்டு பேரிடம் வந்தது. ஏ.என்.சி. சார்பில் பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கிய சிரில் ராமபோசா, தேசியக் கட்சி அரசின் சார்பில் ரூல்ஃப் மேயர். அரசமைப்பின் எத்தனையோ சிக்கலான பிரிவுகளை இரவு பகலாக உட்கார்ந்து தீர்த்தவர்கள் இவர்கள். கொடிக்கு அவர்களிடம் இருந்த அவகாசம் சில நாட்கள்தான். பிரவுனெலுக்கு அழைப்பு போனது. அவர் சூரிச் கிறுக்கலை அடிப்படையாக வைத்துச் சில வடிவங்களைக் கொடுத்தார். அதில் ஒன்று தேறியது.

மண்டேலாவின் ஒப்புதலும் வேண்டும் அல்லவா? அவர் அப்போது ரஸ்டன்பர்க் நகரில் இருந்தார். ராமபோசா தரப்பிலிருந்து படத்தை ஃபேக்ஸில் அனுப்பினார்கள். ஃபேக்ஸில் நிறம் வராது. வந்து விழுந்தது கறுப்புக் கோடுகள் மட்டும். அங்கிருந்த ஒருவர் பக்கத்துக் கடைக்கு ஓடி வண்ணப் பென்சில்கள் வாங்கிவந்து, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று கேட்டுக் கேட்டு நிரப்பி, அதை மண்டேலாவிடம் காட்டினார்களாம். ஒரு நாட்டின் கொடி, பள்ளிப் பிள்ளையின் பென்சிலால் வண்ணம் தீட்டப்பட்டு ஒப்புதல் பெற்றது. எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகப் பிடித்த கட்டம் இதுதான். மார்ச் 15 அன்று இடைக்கால நிர்வாகக் குழு கொடியை ஏற்றது. ஏப்ரல் 20 அன்று குடியரசுத் தலைவர் டி கிளார்க் அறிவிக்கை வெளியிட்டார். குழு ஏற்ற நாளிலிருந்து கம்பத்தில் ஏற்றும் நாளுக்கு 43 நாட்கள்தான் இருந்தன. அதற்குள் நாடு முழுக்க அரசுக் கட்டடங்களுக்கும், உலகம் முழுக்கத் தூதரகங்களுக்கும் கொடி தைத்து அனுப்ப வேண்டியிருந்தது.

இப்போது கொடியையே பார்க்கலாம். கம்பத்தின் மேல் மூலையிலிருந்தும் கீழ் மூலையிலிருந்தும் கிளம்பும் இரண்டு பச்சைக் கைகள் நடுவில் சேர்ந்து, ஒரே பட்டையாக மறுமுனை வரை போகின்றன. கவட்டையைப் படுக்கவைத்ததுபோல் இருக்கும். கம்பத்தை ஒட்டிக் கறுப்பு முக்கோணம். அதற்கும் பச்சைக்கும் நடுவே தங்க நிற ஓரம். பச்சைக்கு மேலே சிவப்பு, கீழே நீலம். அவற்றுக்கும் பச்சைக்கும் நடுவே வெள்ளை ஓரம். அளவுகளை அரசமைப்புச் சட்டமே சொல்கிறது: கொடியின் நீளம் உயரத்தில் ஒன்றரை மடங்கு. பச்சைப் பட்டை உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஓரங்கள் ஒவ்வொன்றும் பதினைந்தில் ஒரு பங்கு, சிவப்பும் நீலமும் மூன்றில் ஒரு பங்கு. வீட்டில் 60 சென்டிமீட்டர் உயரத்தில் ஒன்று வரைய நினைத்தால், பறக்கும் முனையில் மேலிருந்து கீழாக 20 சிவப்பு, 4 வெள்ளை, 12 பச்சை, 4 வெள்ளை, 20 நீலம். கூட்டினால் கச்சிதமாக 60. நீளம் 90.

முத்திரையோ படமோ இல்லாமல், வெறும் நிறங்களாக மட்டும் ஆறு நிறம் கொண்ட தேசியக் கொடி மிக அரிது. பின்னால் 2011-இல் பிறந்த தெற்கு சூடானின் கொடியிலும் ஆறு உண்டு. கொடி வடிவமைப்பில் இரண்டு மூன்று நிறங்களுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. பிரவுனெலுக்கு அது தெரியாததல்ல. ஆறில் எதை விட்டாலும் யாரோ ஒருவர் விடுபட்டுப் போவார் என்பதுதான் அவருடைய சிக்கல்.

நிறங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு விடை உண்டு. கறுப்பு, பச்சை, தங்கம் மூன்றும் ஏ.என்.சி. கொடியின் நிறங்கள். 1912-இல் புளூம்ஃபொன்டெயினில் தொடங்கப்பட்ட அந்த இயக்கம் 1920-களிலிருந்தே அவற்றைப் பயன்படுத்திவருகிறது. இன்காட்டா போன்ற மற்றக் கறுப்பினக் கட்சிகளின் கொடிகளிலும் இவை உண்டு. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் பிரிட்டிஷ், டச்சு மரபுகளிலிருந்தும் போயர் குடியரசுகளின் கொடிகளிலிருந்தும் வந்தவை. பச்சை இரு தரப்புக்கும் பொது, டிரான்ஸ்வால் கொடியிலும் பச்சை இருந்தது. அதனால்தானோ என்னவோ, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பாதைக்குப் பச்சையே அமைந்தது.

சிவப்பின் கதை தனி. ஆங்கிலேயருக்கு யூனியன் ஜாக்கின் சிவப்பு, ஆஃப்ரிகானர்களுக்குப் பழைய டச்சுக் கொடியின் ஆரஞ்சு. இரண்டில் ஒன்றை எடுத்தால் 1926-இன் சண்டை 1994-இல் திரும்ப வரும். அதனால் இரண்டுக்கும் நடுவிலான ஒரு சாயலை எடுத்தார்கள். சட்டத்தில் அதன் பெயரே மிளகாய்ச் சிவப்பு. பெரிய கூட்டங்களில் முடிக்க முடியாத ஒரு சண்டை, சாயத் தொட்டியில் முடிந்தது.

வடிவத்துக்கு மட்டும் அரசு ஒரு விளக்கம் தந்திருக்கிறது: சமூகத்தின் வேறுபட்ட பிரிவுகள் வந்து ஒன்றுசேர்ந்து, ஒற்றுமையாக முன்னே செல்லும் பாதை. அவ்வளவுதான். நிறத்துக்கு இல்லை, போகும் திசைக்கு மட்டும் பொருள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கறுப்பு என்றால் கறுப்பின மக்கள், வெள்ளை என்றால் வெள்ளையர் என்று சட்டத்தில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மனிதர்களை நிறத்தால் பிரித்து அட்டை கொடுத்த ஒரு நாடு, கொடியிலும் அதே வகைப்படுத்தலைத் தொடர்ந்ததாக ஆகியிருக்கும். வெள்ளைக்கு மெல்லிய ஓரம்தான், கறுப்புக்கு முக்கோணம் என்று அடுத்த நாளே அளவுகோலோடு சண்டை ஆரம்பித்திருக்கும். இந்தியர்களுக்கு எந்த நிறம், கலப்பின மக்களுக்கு எந்த நிறம் என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். 1928 கொடியில் ஒவ்வொரு சின்னத்துக்கும் சொந்தக்காரர் யார் என்று தெளிவாகத் தெரியும். சொந்தக்காரர் இல்லாதவர்களுக்கு அதில் இடமில்லை என்பதும் அதே அளவுக்குத் தெளிவாகத் தெரியும். 1994 கொடியில் யாரும் 'இந்தத் துண்டு மட்டும்தான் என்னுடையது' என்று சொல்ல முடியாது.

ஏப்ரல் 26 நள்ளிரவில் பழைய கொடி இறங்கியது, புதியது ஏறியது. முதலில் ஐந்து ஆண்டுகளுக்கான இடைக்காலக் கொடி என்றுதான் ஏற்பாடு. அடுத்த நாள் காலை பூத்துகளின் முன் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நின்றது. கடைசி வாரம் வரை தேர்தலைப் புறக்கணித்துவிட்டுப் பின் சேர்ந்த இன்காட்டா கட்சியின் பெயரை, அச்சடித்து முடித்த வாக்குச்சீட்டுகளின் அடியில் ஸ்டிக்கராக ஒட்ட வேண்டியிருந்தது. ஏறத்தாழ 1.95 கோடிப் பேர் வாக்களித்தார்கள். மே 31 என்ற தேதியின் ஆதிக்கமும் அன்றோடு முடிந்தது, ஏப்ரல் 27 இன்று அந்த நாட்டின் விடுதலை நாள்.

மே 10 அன்று பிரிட்டோரியாவில் மண்டேலா பதவியேற்றபோது, விமானப்படையின் ஜெட் விமானங்கள் புதிய கொடியின் நிறங்களில் புகை விட்டபடி யூனியன் கட்டடத்தின் மேல் பறந்தன. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அண்டை நாடுகளில் ஏ.என்.சி. முகாம்களைத் தாக்கிய அதே விமானப்படை. மறு ஆண்டு ஜூன் 24 அன்று, அதே எல்லிஸ் பார்க்கில், அதே நியூசிலாந்து அணியுடன் ரக்பி உலகக் கோப்பை இறுதிப்போட்டி. மண்டேலா தென்னாப்பிரிக்க ரக்பி அணியான ஸ்பிரிங்பாக்ஸின் ஆறாம் எண் சட்டை அணிந்து மைதானத்துக்குள் வந்தார். தென்னாப்பிரிக்கா 15-12 என்று வென்றது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆரஞ்சு, வெள்ளை, நீலம் ஆடிய அரங்கில் அன்று ஆறு நிறக் கொடி நிறைந்திருந்தது. அந்தக் கொடி வெள்ளையர்களின் கைக்கு உண்மையாகப் போய்ச் சேர்ந்தது அன்றுதான் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சட்டம் கொடுத்த கொடியை மக்கள் தாங்களாக எடுத்துக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் தேவைப்பட்டது.

இடைக்காலக் கொடியை மாற்ற வேண்டும் என்ற பேச்சே அதன் பிறகு வலுப்பெறவில்லை. 1996-இல் நிறைவேறிய நிரந்தர அரசமைப்பு, 5-ஆம் பிரிவில் அதையே தேசியக் கொடியாக எழுதிவைத்தது. அதற்கு அடுத்த 6-ஆம் பிரிவு மொழிகளைப் பற்றியது. அதிகாரபூர்வ மொழிகளை வரிசைப்படுத்திய பிறகு, நாட்டு மக்கள் சமூகங்கள் பேசும் மற்ற மொழிகளுக்கும் மதிப்பு வளர்க்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது, பெயர் சொல்லியே சொல்கிறது. ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்த்துகீசியம் ஆகியவற்றோடு தமிழும் தெலுங்கும் உருதும் அதில் இருக்கின்றன. 1928 கொடியைத் தைத்தவர்களின் கண்ணில் படாத அந்தக் கரும்புத் தோட்டத்து மக்களின் மொழி, புதிய கொடி இருக்கும் பக்கத்துக்குப் பக்கத்திலேயே இடம்பெற்றிருக்கிறது.

நாட்டுப்பண்ணை வைத்து ஒப்பிட்டால் கொடியின் சிறப்பு இன்னும் விளங்கும். 1994-இல் இரண்டு பண்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினார்கள். 1997-இல் இரண்டையும் வெட்டி ஒட்டி ஒன்றாக்கினார்கள், கோசா, ஜூலு, சோத்தோ, ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் என்று ஐந்து மொழிகளில். அழகான பண்தான். ஆனால் எந்த வரி யாருடையது என்பது கேட்டவுடன் தெரியும். பழைய ஆஃப்ரிகான்ஸ் பண்ணின் வரிகளை நீக்க வேண்டும் என்று ஜூலியஸ் மலேமாவின் பொருளாதார விடுதலைப் போராளிகள் கட்சி தொடர்ந்து கேட்டுவருகிறது. கொடியில் அப்படிப் பிரித்து எடுக்க ஒரு வரி இல்லை.

2010-இல் கால்பந்து உலகக் கோப்பை நடந்தபோது, கார்களின் பக்கக் கண்ணாடிகளுக்கு உறை மாதிரி மாட்டும் கொடிகள் விற்றுத் தீர்ந்தன. தெருவில் போகும் காரில் பாதி அந்த உறையோடுதான் போனது. ஆனால் அரசே பெரிதாகக் கொடியைத் தூக்கிக் காட்ட நினைத்தபோது மக்கள் ஏற்கவில்லை. பிரிட்டோரியாவின் ஃப்ரீடம் பார்க்கில் 100 மீட்டர் உயரக் கம்பத்தில் மாபெரும் கொடி ஒன்றை 2.2 கோடி ராண்ட் செலவில் நிறுவ பண்பாட்டுத் துறை போட்ட திட்டம் 2022 மே மாதம் கடும் கோபத்தைக் கிளப்பியது. வேலையில்லாத் திண்டாட்டமும் மின்வெட்டும் தலைக்கு மேல் போயிருந்த நேரம். கலைஞர்கள் கொரோனா கால உதவிக்குக் காத்திருந்தபோது கம்பத்துக்குக் காசா என்று கேட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கொடி மீதுள்ள பிரியத்தை அவர்கள் கம்பத்தின் உயரத்தோடு குழப்பிக்கொள்ளவில்லை, அது சரியான கோபம் என்றே நினைக்கிறேன்.

பழைய கொடி என்ன ஆனது? முழுதாக மறையவில்லை. 2015 ஜூனில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக்கொன்ற வெள்ளை இளைஞனின் படம் வெளியானபோது, அவன் மேற்கோட்டில் இரண்டு கொடிகள் தைக்கப்பட்டிருந்தன. ஒன்று வெள்ளையர் ஆட்சிக்கால ரொடீசியாவுடையது (இன்றைய ஜிம்பாப்வே), இன்னொன்று ஆரஞ்சு, வெள்ளை, நீலம். அந்தக் கொடி பறந்த மண்ணில் வாழாதவனுக்குக்கூட அது எதைக் குறிக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

2017 அக்டோபரில் பண்ணைகளில் விவசாயிகள் கொல்லப்படுவதைக் கண்டித்து நடந்த ஆர்ப்பாட்டங்களில் பழைய கொடி காட்டப்பட்டதாகச் செய்தி வந்ததும், நெல்சன் மண்டேலா அறக்கட்டளை சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனது. ஆஃப்ரிஃபோரம் என்ற ஆஃப்ரிகானர் உரிமை அமைப்பு எதிர்த்து வாதாடியது. அந்தக் கொடி மேல் தங்களுக்குப் பற்று எதுவும் இல்லை, தடை செய்வது கருத்துரிமைக்கு எதிரானது என்பதே அவர்கள் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை அது. 2019 ஆகஸ்ட் 21 அன்று நீதிபதி ஃபினியஸ் மோஜபெலோ தீர்ப்புச் சொன்னார். தக்க காரணம் இல்லாமல் பழைய கொடியைக் காட்டுவது வெறுப்புப் பேச்சு, இனப் பாகுபாடு, துன்புறுத்தல் என்றார். கலை, ஆய்வு, இதழியல், பொதுநலன் சார்ந்த பயன்பாட்டுக்கு விலக்கு அளித்தார். பழைய கொடியைக் காட்டுகிறவர் அதைத் தேர்வு செய்வதோடு நிற்பதில்லை, எல்லோருக்குமான புதிய கொடியைக் காட்டாமல் விடுவதையும் தெரிந்தே தேர்வு செய்கிறார் என்பது அவர் எடுத்துவைத்த காரணங்களில் ஒன்று. பொது இடங்களில் அப்படிக் காட்டுவது வெறுப்புப் பேச்சுதான் என்பதை உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023 ஏப்ரலில் உறுதி செய்தது.

பிரவுனெல் அந்த முதல் தீர்ப்பைப் பார்க்கவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்பு, 2019 மே 10 அன்று, தம் 79-ஆவது வயதில் பிரிட்டோரியாவில் காலமானார். மண்டேலா பதவியேற்று அன்றோடு சரியாக 25 ஆண்டுகள். பழைய அரசில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு வெள்ளை அதிகாரி வரைந்த கொடி இது என்பது இன்று அதை முகத்தில் பூசிக்கொண்டு மைதானத்துக்குப் போகும் பல இளைஞர்களுக்குத் தெரியாது. அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கொடியைவிட வயதில் சிறியவர்கள்.